மூட்டை எந்த மலையிலிருந்து வந்தது என்று கேளுங்கள்

சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அங்கே சரக்குக் கொள்முதல் பார்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

சேலத்தில் 31 வருடமாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். அதற்கு முன் இதே கல்லாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று சில்லறை வியாபாரம் நாள் முழுக்க ஓடும். ஆனால் கடையைத் தாங்குவது உங்களுக்கு அனுப்பும் மூட்டைகள்தான். மலையிலிருந்து இறங்கும் வேரையும் பட்டையையும் கிழங்கையும் வாங்கி, காயவைத்து, சலித்து, கட்டி அனுப்புகிறோம். இத்தனை வருடத்தில் உங்கள் பக்கத்திலிருந்து எனக்கு வந்த அழைப்புகளில் மூன்று கேள்விகள் தவறாமல் இருக்கும். என்ன விலை? ஈரம் எவ்வளவு? லாரி எப்போது ஏறும்? இது எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எப்படி எடுத்த சரக்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்குக் கொண்டுவந்து போட்டவர்களிடம் நானும் கேட்டதில்லை. 2020 வரைக்கும்.

அந்த வருடம் ஏப்ரலில் ஊரடங்குக்கு நடுவே கபசுரக் குடிநீர் என்று ஊரே கேட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வட்டம் போட்ட இடத்தில் வரிசையாக நின்றார்கள். அந்தக் குடிநீர் எவ்வளவு பலன் தந்தது என்பதை மருத்துவர்கள் பேசட்டும். நான் பேச வந்தது அதற்குள் போன வேர்களைப் பற்றி. உங்களுக்குத் தெரியாததில்லை; 15 சரக்குகளில் ஏறத்தாழ பாதி மண்ணுக்கு அடியிலிருந்து வருபவை. சுக்கு வயலில் விளைகிறது, கோரைக்கிழங்கு களையாகவே கிடைக்கிறது. மற்றபடி சிறுதேக்கு வேர், சிறுகாஞ்சொறி வேர், வட்டத்திருப்பி வேர் எல்லாம் காட்டுச் சரக்கு. கோஷ்டம் இமயமலைச் செடி. காட்டில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டதால் அழியும் உயிரினங்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும், நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் ஒரு சில செடிகளின் பட்டியலிலும் அது இருக்கிறது. லாகுல் பக்கம் பயிராகவும் செய்கிறார்கள். கடைக்கு வரும் மூட்டை பயிரா, காடா என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மே மாதம் ஒரு லாரிக்காரர் ஆறு மூட்டை சிறுதேக்கு வேர் இறக்கினார். வழக்கமான விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார், வாங்கினேன். வாயைப் பிரித்துக் கையை விட்டதும் தெரிந்துவிட்டது. நல்ல சிறுதேக்கு வேர் கட்டை விரல் பருமன் இருக்கும், கையில் கனக்கும். இதில் பாதி பென்சில் அளவுகூட இல்லை. பல வேர்களில் பச்சைத் தண்டு ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பூத்துக் காய்க்கிற வயதுக்கு வராத செடிகளை அப்படியே பிடுங்கி உலர்த்தியும் உலர்த்தாமலும் திணித்திருந்தார்கள். தண்டை நறுக்கி எடுத்துவிட்டு ஐந்து மூட்டையாக உங்களில் ஒருவருக்கு அனுப்பினேன். மறுபேச்சு இல்லாமல் பணம் வந்தது. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

ஊரடங்கு தளர்ந்ததும் தை மாதத்தில் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காடு சந்தைக்கு அப்பாவோடு சிறு வயதில் போனது. அப்புறம் சரக்கே கீழே வந்துவிடுவதால் போகும் தேவை இல்லாமல் இருந்தது. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தண்ணீர்விட்டான்கிழங்கு கொடுக்கும் ஒரு ஆயா அங்கே இருக்கிறார். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊற லேகியத்தில் சேர்ப்பீர்களே, அதே கிழங்கு. எடுக்கப் போகும்போது கூட வரட்டுமா என்று கேட்டேன். வா என்றார்.

காப்பித் தோட்டத்தைத் தாண்டி ஒரு சரிவில் முள் கொடி ஒன்று புதர்மேல் ஏறிக் கிடந்தது. ஆயா முதலில் பார்த்தது கொடியில் பழம் இருக்கிறதா என்று. சிவந்த பழம் நாலைந்து மிச்சம் இருந்தது. அதை உருவி மடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் களைக்கொத்தால் கொடியின் ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தள்ளினார். கீழே வெளுத்த விரல்களைப் போலக் கிழங்குகள் கொத்தாக இறங்கியிருந்தன. தண்டை அசைக்காமல், அந்தப் பக்கத்துக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் திருகி ஒடித்து எடுத்தார். மறுபக்கத்தைத் தொடவே இல்லை. பழத்தை நசுக்கி விதையைக் குழியில் விட்டு, மண்ணைத் தள்ளிக் காலால் மெல்ல அழுத்தினார். எல்லாம் சேர்த்து கால் மணி நேரம்.

"ஏன் ஆயா, அந்தப் பக்கத்தை விட்டுட்டீங்க?"

"முழுக்க எடுத்தா கொடி செத்துப்போயிருங் கண்ணு. மூணு வருசங் கழிச்சு இதே எடத்துக்கு நான் வரணுமில்ல."

கொஞ்ச தூரத்தில் இன்னொன்றையும் காட்டினார். முழங்கால் ஆழத்துக்குக் கடப்பாரையால் நெம்பிய குழி. கிழங்கோடு, கொடி துளிர்க்கும் வேர் முடிச்சும் போயிருந்தது. வேரில்லாத கொடி புதர்மேல் காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. அப்படி ஏழெட்டுக் குழி எண்ணினேன். வெளியாட்களா என்று கேட்டதற்கு, "எங்காளுந்தான். கிலோவுக்கு இவ்வளவுன்னு சொல்லி அனுப்புறாங்க. பொறுமையா எடுத்தா கூலி கட்டுமா?" என்றார்.

உங்களுக்கு இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கேள்விதான். ஆயா ஒடித்த கிழங்கும் கடப்பாரைக் கிழங்கும் என் கடைக்கு வந்து ஒரே தராசில் ஏறுகின்றன, ஒரே விலைக்குப் போகின்றன. பொறுமையாக எடுக்கிறவருக்கு நாள் கூலியில் பாதி நஷ்டம். கொடியைக் கொல்கிறவருக்கு லாபம். இந்தக் கணக்கை எழுதியது காட்டில் இருப்பவர்கள் இல்லை. விலையை நான் சொல்கிறேன், எனக்கு நீங்கள் சொல்கிறீர்கள்.

எல்லாச் சரக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுகுறிஞ்சான் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்றைக்கு அதிகம் கேட்கப்படும் இலை. புதிதாக வருபவர்களுக்கு ஒரு இலையை மென்று துப்பச் சொல்லி, உடனே ஒரு சிட்டிகைச் சர்க்கரை கொடுப்பேன். வாயில் மணல் போட்டதுபோல இருக்கிறது என்பார்கள். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பு தெரியும் இடத்தைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும்; மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை. விஷயம் என்னவென்றால் அது இலைச் சரக்கு. கொடியை விட்டு இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். ஆடாதோடையும் அப்படித்தான், வேலியில் நட்டால் ஆடுகூடத் தொடாது, கழிக்கக் கழிக்க வளரும். அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் ஆங்கில மருத்துவத்தின் புரோம்ஹெக்சின் இருமல் மருந்தே பிறந்தது. நிலவேம்பு ஒரு பருவப் பயிர், வயலில் நன்றாக வருகிறது. சீந்தில் கொடியை ஒரு சாண் நறுக்கி வேப்ப மரத்தடியில் போட்டாலே ஏறிவிடும். கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் காய். கிளையை வெட்டிச் சாய்க்காமல் உதிர்ந்ததைப் பொறுக்கினால் மரம் நூறு வருடம் காய்க்கும்.

ஆபத்து வேரிலும் பட்டையிலும்தான். பத்து வேர்கள் சேரும் தசமூலத்தில் ஐந்து மரங்களின் வேர் சேர்கிறது. வில்வம், பெருங்குமிழ், பாதிரி, முன்னை என்று வேருக்காக மரத்தைத் தோண்டினால் அந்த மரம் அதோடு சரி. மருதம்பட்டையைத் தண்டின் ஒரு பக்கத்தில் பட்டையாக உரித்தால் காயம் ஆறும். சுற்றி உரித்தால் கீழே இறங்கும் உணவுப் பாதை அறுந்து மரம் நின்றபடியே சாகும். அசோகப்பட்டையின் கதை இன்னும் மோசம். உண்மையான அசோக மரம் காட்டில் அருகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் கூம்பாக நிற்கும் நெட்டிலிங்கத்தையும் ஊரில் அசோகா என்றுதான் சொல்கிறார்கள். அதன் பட்டை உண்மையான அசோகப்பட்டையோடு கலந்து மண்டிக்கு வருகிறது. பெண்களின் உதிரப்போக்குக்கு என்று நீங்கள் காய்ச்சும் அரிஷ்டத்தில் எது போகிறது என்று எனக்கும் கவலை.

தேசிய மருத்துவத் தாவரங்கள் வாரியத்துக்காகச் செய்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 1,178 மூலிகை இனங்கள் வியாபாரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அதில் வருடத்துக்கு 100 டன்னுக்கு மேல் போகிறவை 242. அந்த 242-இலும் 173 இனங்கள் இன்னும் காட்டிலிருந்துதான் வருகின்றன. அதாவது உங்கள் தொழிற்சாலையின் மூலப்பொருள் கிடங்கு பெரும்பகுதி உங்கள் சுவருக்குள் இல்லை. கொல்லிமலை, ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, பொதிகை என்று அது திறந்து கிடக்கிறது. அதற்குப் பூட்டும் இல்லை, இருப்புக் கணக்கும் இல்லை.

அப்பா அடிக்கடி சர்ப்பகந்தாவைச் சொல்வார். 1952-இல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு உலகமே கேட்டது. வேர் தோண்டித் தோண்டிக் காடுகள் காலியான பிறகுதான் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இப்போது அது சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில். எங்கள் கடையில் மூட்டையாக அடுக்கியிருந்த சரக்கு அது. இன்றைக்குச் சின்ன டப்பாவில் இருக்கிறது. ஒரு செடி நல்ல மருந்து என்று பெயர் வாங்குவதே அதற்கு ஆபத்தாகிவிடுகிறது.

எங்கிருந்து வந்தது என்று கேட்பது காட்டுக்காக மட்டும் இல்லை, உங்கள் மருந்தைக் குடிக்கிறவருக்காகவும்தான். 2021-இல் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதற்குப் பதில் சொல்லும்போது, பார்க்க ஒன்றுபோல இருக்கும் வேறு சீந்தில் இனத்தோடு குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்றது. யார் சரி என்பது என் அறிவுக்கு மேலான விஷயம். ஆனால் காய்ந்து நறுக்கிய கொடியை மூட்டையில் பார்த்து இனம் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பச்சையாக நிற்கும்போது பார்த்து வெட்டியவர்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். அவர் யார் என்று தெரியாமல் நீங்கள் வாங்குகிறீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் சிறுவனப் பொருளாகச் சேர்த்து, அதைச் சேகரிக்கவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. மருந்து விதிகளில் 157ஏ என்று ஒன்று உண்டு. எந்த மூலப்பொருளை எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்று வருடா வருடம் நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், இந்திய நிறுவனங்களும் மூலிகையால் கிடைக்கும் பலனில் ஒரு பங்கை ஊர் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2023-இல் உயிரியல் பன்மைச் சட்டத்தைத் திருத்தி, நூல்களில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பொறுப்பைத் தளர்த்திவிட்டார்கள். உங்களில் பலர் நிம்மதி அடைந்திருப்பீர்கள். எனக்கு அது வருத்தம்தான். நூலில் எழுதியிருப்பது பெயரும் குணமும் அளவும். எந்தச் சரிவில், எந்த மாதம், எவ்வளவு விட்டுவைத்து எடுப்பது என்ற அறிவு நூலில் இல்லை, ஆயாவின் கையில் இருக்கிறது.

அந்த அறிவுக்கு விலை கொடுக்க முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். 1987-இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து நின்றபோது, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் அதை எடுத்தது. வந்ததில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது, 1997-இல் அவர்களுக்கென ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது. பிற்பாடு அதில் சிக்கல்கள் வந்தன. காப்புக்காட்டில் இலை எடுக்க அனுமதி இழுபறியானது, திருட்டாகப் பிடுங்கிக் கொண்டுபோனவர்களும் உண்டு. இருந்தாலும் அறிவைக் கொடுத்தவர் யார் என்று அங்கே கேட்டார்கள், அவர்களுக்குப் பங்கும் கொடுத்தார்கள்.

வடக்கே மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் பகுதியில் மகாதேவ் கோலி மக்கள் தான்றிக்காயும் கடுக்காயும் சேகரித்து காட்டை அழிக்காமல் எடுத்தது என்று காட்டும் ஃபேர்வைல்ட் சான்றோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பெரிய தான்றி மரப் பொந்துகளில் இருவாட்சிப் பறவை கூடு கட்டும் என்பதால் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார். நம் ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கு இது ஏன் நடக்கவில்லை? கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பயிர் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். செய்யத்தான் வேண்டும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தளைப் பந்தல் கட்டி வளர்க்கிறார்கள். மூட்டுவாத வலிக்கான கோல்சிசின் அதன் விதையில் இருக்கிறது. தப்பித் தின்றால் உயிரைக் கொல்லும் செடி, மருந்தாகும்போது தங்கம். நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தத் தோட்டங்களுக்கு நடவுக் கிழங்கு எங்கிருந்து போனது? வேலியோரங்களிலும் காட்டிலும் தோண்டி எடுத்ததுதான் நிறைய. நாற்றங்கால் இல்லாத பயிர் காட்டைக் காப்பாற்றாது. அதனால் விளைச்சலை வாங்குகிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. விதைக்கும் நாற்றுக்கும் முதலில் பணம் போடுங்கள். சிறுதேக்கு வயலில் வேர் முற்ற மூன்று நான்கு வருடமாவது பிடிக்கும், அத்தனை நாள் சிறு விவசாயியால் காத்திருக்க முடியாது.

விலை ஏறிவிடும் என்பதுதான் உங்களிடமிருந்து வரப்போகும் பதில் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு லேகிய டப்பாவின் விலையில் கிழங்கு எடுத்தவருக்குப் போவது எவ்வளவு, டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் போவது எவ்வளவு? எடுப்பவரின் கூலியை இரண்டு மடங்கு ஆக்கினால் டப்பாவின் விலை எவ்வளவு ஏறும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கொள்முதல் ஆர்டரில் விலை, ஈரம், தேதிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எப்படி எடுத்தது. அதை நிரப்பாத மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், என் மூட்டையாக இருந்தாலும். பொறுமையாக எடுத்த சரக்குக்குத் தனி விலை வையுங்கள். எடுக்கப் போவதற்கு முன்பே, கிராம சபையோடோ அங்கே இருக்கும் பெண்கள் குழுவோடோ பேசி முடிவு செய்யுங்கள். வேர் கேட்கும் இடத்தில் இலையோ தண்டோ போதுமா என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள், முடிவைச் சங்கத்தில் மற்றவர்களோடு பகிருங்கள். கிடைக்காத வருடத்தில் கிடைக்கவில்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் தமிழக அரசு நிறுவனமான டாம்ப்கால் இதில் முன்னால் நடந்தால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

என் பங்கை நான் தொடங்கிவிட்டேன். போன தையிலிருந்து தண்ணீர்விட்டான்கிழங்கு, சிறுகுறிஞ்சான், கடுக்காய் மூன்றுக்கும் மூட்டையில் சீட்டு கட்டுகிறேன். ஊர் பெயர், எடுத்த மாதம், எப்படி எடுத்தது என்று ஒரு வரி; கிழங்கு என்றால் "முடிச்சு விட்டு எடுத்தது". ஆயாவின் பேத்திதான் எழுதித் தருகிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். கிலோவுக்கு மற்ற சரக்கை விட எட்டு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறேன். இதுவரை கைக்காசுதான். இந்த வாரம் பதினொரு மூட்டை சீட்டோடு கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு அழைப்பு வந்தால் மறுநாளே லாரி ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
சேலம்